பொருத்துவதற்கு முன் படிக்கவும்

கல்லடி, மட்டக்களப்பு
12 ஜனவரி 2024

திரு. ம. புவனேந்திரன் அவர்களுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீயும் அப்படித்தான் என்று உன் அக்கா சொல்லித் தெரியும். அதற்கு மேல் குசலம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை.

இருபத்தைந்து வருடம் எழுதாதவன் இப்போது எழுதுவது எனக்காக அல்ல. தன்னாமுனை ஐஸ் தொழிற்சாலையின் கொன்ட்ரோல் பனலை நீ மறந்திருக்க மாட்டாய். அதில் இடது ஓரத்தில் இருக்கும் பவர் சப்ளைப் பெட்டி சாகப்போகிறது. ஐந்து வோல்ட் தரவேண்டியது மத்தியான வெயிலில் நாலே முக்காலுக்கு இறங்குகிறது. அதற்குக் கீழே போனால் பனல் முழுவதும் கண்ணை மூடிவிடும். இரண்டு தடவை கழற்றாமலே முன்மூடியைத் திறந்து கப்பாசிற்றர் மாற்றிவிட்டேன். இனி மாற்ற ஒன்றுமில்லை. செய்த கம்பனி அந்த மாதிரியை நிறுத்திப் பதினைந்து வருடமாகிறது. கொழும்பில் ஒருவன் புதிது என்று அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். பழைய பெட்டிக்குப் புதுச் சிட்டை ஒட்டியிருந்தான். திருப்பி அனுப்பினேன்.

இந்த மாவட்டத்தில் இதே பனல் இன்னும் ஓர் இடத்தில்தான் உண்டு. தேற்றாத்தீவில், இறால் குஞ்சு பொரிப்பகத்தில். எங்களுக்குத் தந்த அதே ஜேர்மன் உதவித் திட்டத்தில் வந்தது. அவர்களிடமும் மேலதிகமாக இல்லை. இருந்தாலும் அங்கே போய்க் கை நீட்டமாட்டேன்.

இன்னொரு தடவை ஐஸ் நின்றால் கொழும்புக் கம்பனி ஒன்றிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவதாக மீனவர் சங்கம் தீர்மானித்திருக்கிறது. பிறகு நான் அங்கே தேவையில்லை. எனக்கு ஐம்பத்து நாலு வயது.

அங்கே அந்தப் பெட்டி ஒன்று கிடைக்குமா என்று பார். அதன் இலக்கத்தை அடுத்த தாளில் எழுதியிருக்கிறேன். போனில் கேட்கலாமே என்கிறா உன் அக்கா கேதீஸ்வரி. உன் குரலைக் கேட்டால் வாயில் வருவதைச் சொல்லிவிடுவேன். எழுதினால் கிழித்துப்போட்டு மறுபடி எழுதலாம். இது நாலாவது தாள்.

இப்படிக்கு,
க. அழகரத்தினம்


டோட்முண்ட்
4 பெப்ரவரி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கையெழுத்தை உறையில் கண்டதும் திறக்காமல் கொஞ்ச நேரம் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சுகம். குளிர் காலத்தில் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. அக்காவின் சீனி வருத்தம் எப்படி? போனில் கேட்டால், "எனக்கென்ன, கல்லுப் போல இரிக்கன்" என்கிறா. நீங்கள் உள்ளதை எழுதுங்கள்.

பெட்டியை நிச்சயம் தேடுகிறேன். இங்கே பழைய தொழிற்சாலைகள் மூடும்போது இப்படியான சாமான்களைக் கழற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் நேரம் தாருங்கள்.

நீங்கள் கேட்டது எனக்குச் சந்தோஷம். இதை எழுதினால் கோபிப்பீர்கள், தெரியும்.

என்றும் உங்கள்,
புவன்


கல்லடி
26 பெப்ரவரி 2024

புவனேந்திரனுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அக்காவுக்குச் சீனி கூடித்தான் இருக்கிறது. இடது காலில் ஒரு புண், ஆறுவதாகத் தெரியவில்லை. கேட்டதனால் எழுதினேன்.

நீ சந்தோஷப்படுவதற்கு நான் எழுதவில்லை. 1999இல் ஜேர்மனிக்குப் பயிற்சிக்கு ஓர் ஆள்தான் போகலாம் என்று வந்தபோது பட்டியலில் முதலில் இருந்த பெயர் என்னுடையது. உன் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்று, "மனே, புவன் இஞ்ச நிண்டா பிடிச்சிட்டுப் போயிருவாங்க, நீ உத்தியோகக்காரன், உன்னை ஒண்டும் செய்யாங்க" என்று அழுதா. என் பெயரை நானே வெட்டி உன் பெயரை எழுதினேன். மூன்று கிழமைப் பயிற்சி. நீ திரும்பி வந்து எங்களுக்குப் படிப்பிக்கவேண்டும் என்பது பேச்சு. நீ வரவில்லை. புரோகிராம் அச்சடித்த கோப்பையும் உன்னோடே கொண்டுபோனாய். நான் அந்தப் பனலுக்கு முன்னால் கதிரை போட்டு, ஜேர்மன் அகராதியை மடியில் வைத்து, ஒன்றரை வருடம் படித்தேன்.

2004 டிசம்பரில் கல்லடிக் கரையில் கடல் ஏறிய கிழமை, எங்கள் ஐஸ் மீனுக்குப் போகவில்லை. பிணங்களை வைக்க ஆஸ்பத்திரிக்குப் போனது. எட்டு நாள் நான் பனலை விட்டு எழும்பவில்லை. பிறகு உன் அம்மா செத்தபோது கொள்ளி வைத்ததும் நான்தான். அப்போது நீ ஒரு மலர் வளையத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தாய்.

இலக்கத்தின் கடைசி எழுத்தைக் கவனி. அது மாறினால் பின்பக்கம் பொருந்தாது.

க. அழகரத்தினம்


டோட்முண்ட்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

அக்காவின் புண்ணைப் பற்றி எழுதியதற்கு நன்றி. காலை உயர்த்தி வைத்து இருக்கச் சொல்லுங்கள். கேட்கமாட்டா, தெரியும். நீங்கள் எழுதியது எல்லாம் உண்மை.

பெட்டி விஷயம். முதலில் கிடைத்ததன் கடைசி எழுத்து வேறு. இரண்டாவது இடத்தில் கம்பனிகளுக்கு மட்டும்தான் விற்போம் என்றார்கள். மூன்றாவதாக, மூடிய பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றின் சாமான்களை வாங்கி வைத்திருக்கும் கிழவனிடம் போனேன். ரயிலில் இரண்டு மணித்தியாலம். எந்தக் கம்பனியிலிருந்து வருகிறாய் என்று கேட்டான். மட்டக்களப்பு ஐஸ் தொழிற்சாலை என்றேன். புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொண்டான்.

அவனிடம் ஒன்று இருக்கிறது. சரியான இலக்கம். ஆனால் பன்னிரண்டு வருடம் அலுமாரித் தட்டில் கிடந்தது. அப்படிக் கிடந்ததை நேரே கறன்ட்டில் போட்டால் உள்ளே வெடிக்கும். வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி எழுப்பவேண்டுமாம். ஐந்து கிழமை கேட்டிருக்கிறான். அதுவரை அங்கே தாக்குப் பிடிக்குமா?

உங்கள்,
புவன்


கல்லடி
24 ஏப்ரல் 2024

புவனேந்திரனுக்கு,

தாக்குப் பிடிக்க வைக்கிறேன். பனல் கதவைத் திறந்துவிட்டு முன்னால் மேசை மின்விசிறி வைத்திருக்கிறேன். விசிறிக்குக் காவலாக நான் இருக்கிறேன். வருடப் பிறப்பன்றும் அங்கேதான் சாப்பிட்டேன். இந்த மாதம் மூன்று தடவை சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

மீன் விற்கும் புஸ்பம் நேற்று வாசலில் நின்று, "என்ன இஞ்சினியர் ஐயா, நாங்க மீனுக்கு விசுக்கிறம், நீங்க மெசினுக்கு விசுக்கிறீங்களோ?" என்று கேட்டாள். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"ரெண்டு பேரும் கடுதாசியில சண்டை பிடிக்கிறீங்க, தபால்காரன்ட சைக்கிள்தான் தேயுது" என்கிறா உன் அக்கா. புண் அப்படியே இருக்கிறது. கிளினிக்குக்குப் போகச் சொன்னால் நாளைக்கு என்பா.

தட்டில் கிடந்த பெட்டியை எப்படி எழுப்புவது என்று எனக்கு நீ எழுதத் தேவையில்லை. நீ அங்கே பெரிய எஞ்சினியராக இருக்கலாம். இது என் மெசின்.

க. அழகரத்தினம்


டோட்முண்ட்
11 மே 2024

(பார்சலோடு, ஒட்டிய உறையில். உறையின் மேல்: பொருத்துவதற்கு முன் படிக்கவும்)

அன்புள்ள அத்தானுக்கு,

அக்காவுக்குச் சுகம் வரவேண்டும் என்ற நினைவோடு எழுதுகிறேன். பெட்டி இதோ. கிழவன் ஐந்து கிழமை எடுத்து எழுப்பினான். இரண்டு நாள் சுமையில் ஓட்டி என் முன்னால் அளந்து காட்டினான். ஐந்து வோல்ட், அசையவில்லை.

ஒரே ஒரு விஷயம். பயிற்சியில் நான் எழுதிய கொப்பி இன்னும் இருக்கிறது. அதில் இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறேன். புரோகிராமைப் பிடித்து வைத்திருக்கும் பட்டரி இந்த பவர் சப்ளைக்கு உள்ளேதான் இருக்கிறது. கறன்ட் போனாலும் பட்டரி காப்பாற்றும். ஆனால் பெட்டியையே கழற்றினால் கறன்ட்டும் இல்லை, பட்டரியும் இல்லை. அரை நிமிடம் வரை மெமரி தாங்கும். அதற்குப் பிறகு எல்லாம் அழிந்துவிடும்.

அதனால், கழற்ற முன்பு, பக்கத்துப் பெட்டியின் முகத்தில் இருக்கும் இரண்டு சின்னத் துவாரங்களுக்கு வெளியிலிருந்து நாலரை வோல்ட் கொடுங்கள். மூன்று டோர்ச் பட்டரி போதும். மேலே உள்ளது பிளஸ். படம் கீறியிருக்கிறேன். வயரும் இரண்டு ஊசியும் உறைக்குள் இருக்கின்றன.

உங்களுக்கு இது தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் என்னைத் திட்டிவிட்டு எறியுங்கள். அக்காவிடம் சொன்னால் மாறிச் சொல்லிவிடுவா என்றுதான் எழுதி வைத்தேன்.

உங்கள்,
புவன்


கல்லடி
7 ஜூன் 2024

புவனேந்திரனுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. உடையவில்லை. இலக்கம் சரி. அதற்கு நன்றி சொல்லவேண்டியது முறை, சொல்கிறேன்.

உறையைத் திறக்கவில்லை. மேலே எழுதியிருந்ததை வாசித்தேன், அது போதும். மூன்று கிழமை படித்தவன் இருபத்தைந்து வருடம் அதோடு வாழ்ந்தவனுக்கு வகுப்பெடுக்கிறான். "தம்பி அந்தக் கடுதாசியப் பாக்கட்டாம், போனிலயும் சொன்னான்" என்று உன் அக்கா இரண்டு தரம் சொன்னா. பனல் அறை மேசை லாச்சியில் போட்டுவிட்டேன். பட்டரியைப் பற்றித்தான் எழுதியிருப்பாய். எனக்குத் தெரியாதா? மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றுகிறவன் நான். அரை நிமிடம் அது இல்லாமலும் தாங்கும். பார்த்திருக்கிறேன்.

வரும் 16ஆம் திகதி ஞாயிறு. தன்னாமுனையில் பூசை நாள், வள்ளம் போகாது, ஐஸ் தேவையில்லை. அன்று பொருத்துவேன்.

க. அழகரத்தினம்


டோட்முண்ட்
25 ஜூன் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் இன்று வந்தது. ஞாயிறு போய் ஒன்பது நாள். அக்கா போன் எடுக்கவில்லை. உடம்புக்கு ஏதுமா, அங்கே ஏதுமா என்று தெரியவில்லை. என்ன என்றாலும் ஒரு வரி எழுதுங்கள். பொருத்தியிருக்காவிட்டால் தயவுசெய்து உறையைத் திறவுங்கள். என் பெயரை மறைத்துவிட்டுப் படியுங்கள்.

புவன்


டோட்முண்ட்
22 ஜூலை 2024

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் இல்லை. நேற்று அக்கா எடுத்தா. "அவரிட்ட ஒண்டும் கேக்காத, தம்பி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டா. எனக்கு விளங்கிவிட்டது.

நீங்கள் என்னைப் பெரிய எஞ்சினியர் என்று எழுதியதற்கு நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். நான் அந்த மூன்று கிழமை மட்டும்தான் எஞ்சினியராக இருந்தேன். அகதி முகாமில் நாலு வருடம் வேலை செய்ய விடவில்லை. பிறகு எங்கள் சேர்ட்டிபிக்கற் செல்லாது என்றார்கள். பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவும் மெசினுக்குத் தட்டு அடுக்குகிறேன். அந்த மெசின் பழுதானால் வேறு ஆள் வந்து திறப்பான். நான் எட்டி நின்று பார்ப்பேன். அக்காவுக்கும் இது தெரியாது.

அம்மா செத்தபோது எனக்கு விசா இல்லை. போனால் திரும்பி வரமுடியாது. இதையும் அப்போது எழுதியிருக்கவேண்டும்.

கோப்பு என்னிடம் இருக்கிறது. நாற்பத்தொரு பக்கம். நான் தொழில் தெரிந்தவன் என்று காட்டுவதற்கு ஒவ்வொரு அலுவலகத்திலும் அதைத்தான் நீட்டினேன். ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. மூலத்தையே இதோடு அனுப்புகிறேன். உங்களுடையது.

புவன்


கல்லடி
3 செப்டெம்பர் 2024

புவனுக்கு,

உன் அக்காவின் புண் ஆறவில்லை. போன மாதம் இரண்டு விரலை எடுத்தார்கள். வலியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், செருப்புப் பொருந்தாது என்றுதான் கவலைப்படுகிறா. ஆஸ்பத்திரிக்கு அலைந்ததால் எழுதவில்லை என்று சொல்லலாம். அது பொய்.

16ஆம் திகதி காலை பத்து மணிக்கு மெயின் சுவிட்சை நிறுத்தினேன். பெட்டியில் இரண்டு திருகாணி, மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே உள்ளது இலேசாகக் கழன்றது. கழன்றதும் பெட்டி முன்னுக்குச் சாய்ந்து பின்பக்கத் தொடுகை விட்டுப்போனது. பரவாயில்லை, அரை நிமிடம் இருக்கிறது என்று நினைத்தேன். கீழ்த் திருகாணி அசையவில்லை. இருபத்தைந்து வருட வாவிக் காற்று, உப்பு, துரு. பெட்டி முன்னுக்கும் வரவில்லை, பின்னுக்கும் போகவில்லை. எண்ணெய் விட்டேன், தட்டினேன், தலை வழுக்கிப் போனது. கடைசியில் துளைத்து எடுத்தேன். பதினொரு நிமிடம்.

இதில் ஒரு விஷயம் ஒருவருக்கும் சொல்லவில்லை. எண்ணெய் ஊறும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது உன் உறை ஞாபகம் வந்தது. லாச்சி பத்து அடி தூரத்தில். அரை நிமிடம் எப்போதோ கடந்திருக்கும், அப்போது திறந்தும் பயனில்லை. ஆனால் அந்த நேரம் நான் அப்படி நினைக்கவில்லை. திறந்தால் நீ சொன்னது சரியாகிவிடுமே என்றுதான் நினைத்தேன்.

புதுப் பெட்டியைப் பொருத்தி சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு அழகாக எரிந்தது. ஐந்து வோல்ட், அசையவில்லை. பனலுக்கு மட்டும் ஒன்றும் ஞாபகமில்லை.

பிரதி இருந்ததா என்று தலைவர் கேட்டார், சங்கம் கேட்டது, கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர் கேட்டார். புரோகிராமைப் பிரதி எடுக்கும் பழைய லப்டொப் 2011இல் செத்தது என்றேன். உண்மைதான். ஆனால் அதற்கு முன்பு பன்னிரண்டு வருடம் ஓடியது. ஒரு பிரதி எடுத்துச் சங்க அலுமாரியில் வைத்திருக்கலாம். நான் வைக்கவில்லை. வைத்தால் வேறு ஒருவனாலும் அந்த மெசினை ஓட்ட முடியும். என் உத்தியோகம் முழுவதும் விரல் தடிப்பான ஒரு பட்டரியில் இருந்தது, அதை நான்தான் அப்படி வைத்தேன்.

முப்பத்திரண்டு நாள் ஐஸ் இல்லை. புஸ்பம் ஒரு நாள் அழுகின இறால் கூடையைக் கொண்டுவந்து பனல் அறை வாசலில் கொட்டிவிட்டுப் போனாள். ஒரு பகிடியும் விடவில்லை.

கொழும்பு எஞ்சினியர் புதுப் பனல் பூட்டினார். ஒன்பது நாளில் முடித்தார். உன் நாற்பத்தொரு பக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவரிடம் காட்டினேன். "இது பழைய பாஷை அண்ணன், இப்ப ஒருத்தரும் வாசிக்கிறதில்ல" என்று மரியாதையாகத் திருப்பித் தந்தார். கச்சான் காற்று அனலாக வீசும்போது இரண்டாவது கொம்பிரஷர் நாலு நிமிடம் பொறுத்துத்தான் எழும்பவேண்டும். 2003இல் நான் போட்டது. புதுப் பனலுக்கு அது தெரியாது. உன் கோப்பிலும் இல்லை. நீ போன நாள் வரைதான் அதில் இருக்கிறது. எழுதிக் கொடுத்தேன். பார்க்கிறோம் என்றார்கள்.

டிசம்பர் முப்பத்தொன்றோடு என்னை நிற்கச் சொல்லியிருக்கிறார்கள்.

உன் உறையை அன்று பின்னேரம் திறந்தேன். படம் நன்றாகக் கீறியிருந்தாய்.

அழகரத்தினம்


டோட்முண்ட்
28 செப்டெம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

அக்காவோடு நேற்று ஒரு மணித்தியாலம் கதைத்தேன். தட்டு அடுக்குவதையும் சொன்னேன். "அப்ப நீ அங்கயும் சட்டிதான் கழுவினியா? அம்மா உன்ன ஒரு நாள் கழுவ விடல்லியே" என்று சிரித்தா. பிறகு அழுதா.

அந்தத் துருவை நானும் எழுதவில்லை. இங்கே திருகாணிகள் துருப்பிடிப்பதில்லை. வாவிக் காற்றை நான் மறந்துபோனேன்.

பெட்டியை வீசிவிடாதீர்கள்.

புவன்


கல்லடி
10 நவம்பர் 2024

அன்புள்ள புவன்,

மழை தொடங்கிவிட்டது. உன் அக்கா தடியைப் பிடித்துக் கிணற்றடி வரை நடக்கிறா. விழுந்துவிடுவா என்று நான் பின்னால் போனால், "ஓவர்சியர் வேலை பாக்காம போங்க" என்று கலைக்கிறா. உன் முழங்காலுக்கு இங்கிருந்து எண்ணெய் அனுப்பச் சொல்கிறா, அனுப்புகிறேன்.

புதுப் பனல் ஓடுகிறது. கச்சான் நாட்களில் ஐந்து தடவை நின்றது. இனி அடுத்த வருடக் கச்சானுக்கு நான் அங்கே இருக்கமாட்டேன்.

போன கிழமை தேற்றாத்தீவிலிருந்து ஆள் வந்தது. இறால் பொரிப்பகத்தின் சிவப்பு விளக்கும் எரியத் தொடங்கிவிட்டதாம். ஒருக்காலும் போகமாட்டேன் என்று சொன்ன இடத்துக்கு நீ அனுப்பிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அங்கே மின்வேலை பார்ப்பது தக்ஷாயினி என்ற பெண். நல்ல கெட்டிக்காரி, வாயும் கெட்டி. உன் உறையை நீட்டி, முதலில் இதைப் படி என்றேன்.

"என்னத்துக்கு அண்ணன்? பட்டரிதானே, எனக்குத் தெரியும்" என்றாள். வாங்கி லாச்சியைத் திறந்தாள்.

நான் பெட்டியைக் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எரிச்சலோடுதான் உறையிலிருந்து தாளை எடுத்தாள். முதலில் நின்றபடி வாசித்தாள். இரண்டாவது பக்கத்தில் கதிரையை இழுத்து இருந்தாள். பிறகு எழும்பிப் போய் மூன்று டோர்ச் பட்டரி எடுத்து வந்தாள். கீழ்த் திருகாணிக்கு முதல் நாளே எண்ணெய் விடவேண்டும் என்று நான் ஓரத்தில் எழுதியிருந்ததையும் பார்த்துவிட்டு, இன்றைக்கு வேண்டாம், நாளைக்குக் கழற்றுவோம் என்றாள்.

அடுத்த நாளும் போனேன். பெட்டி மாறியது. அவளுடைய பனல் ஒன்றையும் மறக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மடி வெறுமையாக இருந்தது. இருபத்தைந்து வருடத்தில் என் கையால் காப்பாற்றிய கடைசி மெசின் வேறு யாருடையதோ.

புறப்படும்போது தாளை மடித்துத் தந்துவிட்டு அவள் கேட்டாள்: "ஆர் அண்ணன் இத எழுதின? பெரிய இஞ்சினியரோ?"

"ஓம்" என்றேன். "என்ட மச்சான்."

உன்,
அழகரத்தினம்